பெர்மினாவின் சிபியு பெட்டி

அந்தப் பெட்டியைத் திறக்கலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக அந்த வீட்டில் சண்டை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. லா பாஸ் நகருக்கு மேலே மலைமேட்டில் இருக்கிற எல் ஆல்தோவில், ரியோ செக்கோ பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் இருக்கிறது பெர்மினாவின் எம்ப்ராய்டரி பட்டறை. நான் அங்கே ஒன்பது வருஷமாக நூல் வெட்டுகிறேன். மெஷின் பூப்போட்டுத் தள்ளுகிற துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் தொங்குகிற நூலையெல்லாம் கத்தரிக்க வேண்டும். கைக்குத்தான் வேலை, காது ரெண்டும் சும்மாதானே இருக்கும். அதனால அந்த வீட்டில் யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பது ஒன்று விடாமல் எனக்குத் தெரியும்.

பெர்மினா மகளுக்கு முதல் முடி வெட்டியபோது ஞானத்தாயாக நின்றவள் நான். அன்றிலிருந்து அவள் எனக்குக் கொமாத்ரே, நான் அவளுக்குக் கொமாத்ரே. மகள் இப்போது சாந்தா குரூஸில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். வீட்டில் பெர்மினாவும் அவள் புருஷன் இலாரியோனும் மட்டும்தான். அவள் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவாள். அவன் ஒரே நேரத்தில் எட்டுத் துணிக்குப் பூப்போடுகிற எட்டுத் தலை எம்ப்ராய்டரி மெஷினுக்கு நூல் கோத்து, எண்ணெய் விட்டு, ஓட்டுவான். பதினொரு வருஷமாக இப்படித்தான் நடந்து வந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்கும் பதினொரு வயசு. வெள்ளையாக வந்த சிபியு பெட்டி, இந்த ஊர்ப் புழுதியில் பழுப்பேறி, பழைய பல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஜனவரியிலிருந்து அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. காலையில் ஆன் பண்ணிவிட்டு, ஒரு சட்டி உருளைக்கிழங்கு உரித்து முடித்து வந்தால்தான் திரை தெளியும். சின்ன டிசைன் என்றால் எப்படியோ திறந்துவிடும். பெரிய டிசைன் திறந்தால் பாதியில் உறைந்துபோய் நிற்கும். பெர்மினா மவுஸை மேசையில் தட்டுவாள், கடவுளைக் கூப்பிடுவாள், கடைசியில் பட்டனை அழுத்தி அணைப்பாள். மறுபடியும் ஒரு சட்டி உருளைக்கிழங்கு.

அந்த வருஷம் அவளுக்குக் கிடைத்திருந்த வேலை லேசுப்பட்டதில்லை. கிரான் போதெர் திருவிழா ஊர்வலத்தில் மொரெனாடா ஆடுகிற ஒரு பெரிய குழு, இருநூற்றுப் பத்து ஜாக்கெட். ஒவ்வொரு ஜாக்கெட் முதுகிலும் கிரீடம் வைத்த தவளை, அதன் வாயில் தங்க நாணயம், சுற்றிலும் சுடர். ஏப்ரல் கடைசி ஞாயிறு ஒத்திகைக்கு அத்தனை பேரும் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதுவரைக்கும் அந்தத் தவளை வெளியே யார் கண்ணிலும் படக் கூடாது. எங்கள் தொழிலில் அதுதான் சத்தியம். இரண்டு வருஷம் முன்னால் மேலத்தெருவில் ஒருத்தன் போட்ட டிசைன் எப்படியோ கசிந்து, வேறொரு குழு அதே பாம்பை முதுகில் போட்டுக்கொண்டு ஆடியது. அவன் பட்டறையை இழுத்து மூடிவிட்டு ஊரைவிட்டே போனான்.

மார்ச் வந்துவிட்டது. தவளைக்கு இடது கண் போடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் உறைந்தது. மெமரி கூட்டிப் போட வேண்டும், டிஸ்க் மாற்ற வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவன் எங்கள் பக்கத்தில் ஒரே ஒருத்தன். இலாரியோனுடைய அண்ணன் எராஸ்மோ. அவனைக் கண்டால்தான் பெர்மினாவுக்கு ஆகாது.

எராஸ்மோவுக்கு அடுத்த தெருவில் சொந்தப் பட்டறை. புது மெஷின், புதுக் கம்ப்யூட்டர், எல்லாம் புதுசு. டிசைன் மட்டும் எவனோ போட்டதைப் பார்த்துப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, இறைச்சியும் சாறும் அடைத்துச் சுட்ட சால்தேன்யா பொட்டலத்தோடு வந்து நிற்பான். வெறுங்கையோடு வராதவனைத் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நூல் பெட்டி மேல் உட்கார்ந்து, சாறு மீசையில் வழியத் தின்றுகொண்டே ஆரம்பிப்பான்.

"பெட்டிய எங்கிட்ட குடு பெர்மினா. ரெண்டே நாளு. மெமரி போடுறேன், டிஸ்க் மாத்துறேன், உள்ள இருக்கிற தூசியெல்லாம் ஊதித் தரேன்."

"தூசி ஊதுறதுக்கு உங்க வீடு வரைக்கும் எதுக்கு மச்சான் போகணும்? எங்க வீட்டுல காத்துக்கு என்ன பஞ்சமா?"

"அப்ப இங்கயே உக்காந்து பாக்குறேன்."

"பாருங்க. டிஸ்க்க கழட்டுறப்ப நான் பக்கத்துல நிப்பேன். பழைய டிஸ்க்கு எங்கிட்டயே இருக்கணும்."

"பழசுல இருக்கிறத புதுசுக்கு மாத்த என் மெஷினுக்குக் கொண்டு போனாத்தான் ஆகும். இங்க என்ன இருக்கு, கத்தரிக்கோலா?"

"அப்ப வேண்டாம்."

எராஸ்மோ கையைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தான். இலாரியோன் கன்னத்தில் கோக்கா இலையை அடக்கிக்கொண்டு, மெஷினில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறக்க மாட்டான். எப்பவுமே அப்படித்தான்.

"பாத்தியாடா உம் பொண்டாட்டிய? நான் என்னமோ திருடன் மாதிரி." எராஸ்மோ என் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லு நத்திவிதாத். இந்தக் கிழட்டுப் பெட்டில காசப் போடுறது வீண்தானே? அதுக்கு என் பட்டறைக்கு ரெண்டு பேரும் வந்துட்டா என்ன? புது மெஷின் தரேன். தம்பிக்குத் தனியா ஒரு மெஷின். பெர்மினா, உனக்கு ஒரு கம்ப்யூட்டர். வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போ, நிம்மதி."

"உங்க கம்ப்யூட்டர்ல நான் தவளை போட்டா, மறுநாள் அந்தத் தவளை யாரு முதுகுல உக்காந்திருக்கும் மச்சான்?"

"வாயப் பாரு!"

"அந்தப் பாம்பு எப்படி வெளிய போச்சுன்னு ஊருக்கே தெரியும். அந்தப் பையனுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பாத்தது யாருன்னும் தெரியும்."

எராஸ்மோ எழுந்தான். சால்தேன்யாப் பொட்டலம் அவன் காலில் பட்டுக் கீழே விழுந்தது. "அந்தப் பெட்டி சாகட்டும். செத்தன்னைக்கு நீயே என் வாசல்ல வந்து நிப்ப. பாக்கத்தான் போறேன்." கதவைச் சாத்திய வேகத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. வெளியே ஆலங்கட்டி கொட்ட ஆரம்பித்திருந்தது. நனையட்டும் கழுதை என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

இலாரியோன் குனிந்து, சிதறிய சால்தேன்யாக்களைப் பொறுக்கித் தட்டில் வைத்தான். "அண்ணன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு," என்றான் மெதுவாக.

"என்ன நியாயம்?"

"பெட்டிக்கு வயசாச்சு."

"எனக்குந்தான் வயசாச்சு. என்னையும் மாத்திடு."

இலாரியோன் உள்ளே போய், அவளுக்குத் தேநீர் போட்டு, இலவங்கப்பட்டை தட்டிப் போட்டு, மேசையில் கொண்டுவந்து வைத்தான். கம்ப்யூட்டர் சண்டை ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான், அவள் அழுதால் தேநீர் வந்துவிடும். ஊரில் எத்தனை பேருக்கு இப்படிப் புருஷன் வாய்க்கும் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கார்னவல் செவ்வாய்க்கிழமை சல்யா செய்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நமக்குச் சோறு போடுகிற எல்லாவற்றுக்கும் பீரும் சாராயமும் தெளித்து, பூவும் காகிதத் துணுக்கும் தூவி, வண்ணக் காகித நாடா சுற்ற வேண்டும். மெஷினுக்கு, கத்தரிக்கோலுக்கு, அடுப்புக்கு, வாசலுக்கு. சல்யா வாங்கிய பொருளைத் தூக்கி எறியக் கூடாது, விற்கக் கூடாது, மீறினால் வீடு விளங்காது. அந்த வீட்டில் தெளிக்கிறவன் இலாரியோன்தான். பெர்மினா கம்ப்யூட்டர் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திவிட்டு, "அதுக்கு மேல தெளி, உள்ள போச்சு, உன்ன உரிச்சுடுவேன்" என்று பக்கத்திலேயே நின்றாள். எல்லாம் முடிந்த பிறகு அவன் மட்டும் திரும்பப் போய், மெஷின் எண்ணெய் வைக்கிற தகர டப்பாவுக்கு இன்னொரு தரம் பீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "ஏன், டப்பாவுக்கு மட்டும் விசேஷமா?" என்று நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

மார்ச் இருபதுக்கு மேல் ஆட்டக் குழுவிலிருந்து தோன் கஸ்தோன் வந்தார். கனமான ஆள், கழுத்தில் சால்வை. மாதிரி ஜாக்கெட் எங்கே என்று கேட்டார். பெர்மினா காட்டியது வலது கண் மட்டும் இருக்கிற தவளை.

"என்ன சேன்யோரா, என் தவளைக்குக் கண்ணு போயிருச்சா?"

"கம்ப்யூட்டர் கோளாறு தோன் கஸ்தோன். சரியாயிரும்."

"எப்ப? இருநூத்திப் பத்து பேரு. ஒத்திகைக்கு அஞ்சு வாரம்கூட இல்ல. எட்டுத் தலையும் ஓடினாலும் ஒரு சுத்துக்கு எட்டு மணி நேரம் ஆகும்னு நீங்களேதான் சொன்னீங்க." அவர் துணியை மேசையில் போட்டார். "அடுத்த சனிக்கிழமை ரெண்டு கண்ணோட மாதிரி என் கையில இல்லேன்னா, வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. எங்களுக்கும் மானம் இருக்கு."

அவர் போனதும் பெர்மினா திரை முன்னால் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்தாள். பெட்டியை எராஸ்மோவிடம் கொடுத்தால் தவளை போச்சு. கொடுக்காவிட்டால் வேலை போச்சு. எப்படிப் போனாலும் அவள் பேர் போச்சு. அழுதாள். வழக்கம்போலத் தேநீர் வந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"நானே போடுறேன்," என்றாள்.

"எத?" என்றான் இலாரியோன்.

"மெமரிய. நானே வாங்கி நானே போடுறேன்."

"ஐயோ, உனக்கு எப்படித் தெரியும்? ஷாக் அடிக்கும். உள்ளதும் எரிஞ்சு போயிரும். வேண்டாம் பெர்மினா, சொன்னாக் கேளு. திறக்காத." அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பயத்தில் பேசுகிறான் என்று நினைத்தேன். பயம்தான், வேற பயம்.

வியாழக்கிழமை அவளும் நானும், பதினாறு ஜூலை என்று பேர் வைத்த பெரிய சந்தைக்குப் போனோம். பழைய கார், பழைய கட்டில், பழைய கோட்டு எல்லாம் தாண்டி, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற வரிசை. தரையில் தார்ப்பாய் விரித்து, போர்டுகளைக் கீரைக் கட்டு மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் தோன்யா பிரிமித்திவா. பத்து முழப் பாவாடை, வட்டத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. கையில் ஒரு தட்டு கோழிச் சூப்பு. யாரையும் நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"மெமரி வேணும்," என்றாள் பெர்மினா.

"எல்லாருக்குந்தான் வேணும். என்ன மாடல்?"

பெர்மினா காகிதத்தில் எழுதி வந்ததைக் கொடுத்தாள். பிரிமித்திவா கோழிக் கழுத்தை உறிஞ்சிக்கொண்டே படித்தாள். "இப்ப உள்ள என்ன இருக்கு?"

"ரெண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால போட்டது. சிலி நாட்டுக்குப் போயிட்ட ஒரு பையன் போட்டுக் குடுத்தான். ரெண்டையும் நான்தான் தட்டுல வச்சு சல்யா பண்ணேன்."

"ரெண்டு இருந்தா உன் டிசைனுக்குப் போதுமே. எம்ப்ராய்டரிதானே போடுற, ராக்கெட்டா விடுற? இது ஏன் நிக்குது?"

"வயசாயிருச்சுன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"வீட்டுல."

பிரிமித்திவா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "கம்ப்யூட்டருக்கு முட்டி வலியா வரும், வயசாயிருச்சுன்னு சொல்ல? போன வருஷம் எப்படி ஓடுச்சு?"

"போன வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. ஜனவரிலேர்ந்துதான்."

"அப்ப நான் உனக்கு ஒண்ணும் விக்கல. போயி முதல்ல திறந்து பாரு. ஒண்ணு செத்திருக்கும், இல்ல கழண்டிருக்கும். எது செத்திருக்கோ அதைக் கொண்டா, ஜோடி பாத்துத் தரேன்." கையாலேயே காட்டினாள். "ரெண்டு பக்கமும் காது மாதிரி ஒரு கிளிப்பு இருக்கும். அத வெளிய தள்ளினா மெமரி தானா எந்திரிக்கும். இந்த அல்பாக்கா சால்வையோட தொடாத, நம்ம ஊரு குளிருக்குப் பொறி பறக்கும். சால்வையக் கழட்டிட்டு, இடது கையால பெட்டி இரும்பைத் தொட்டுக்க. அவ்வளவுதான். இதுக்கு ஆம்பள எதுக்கு?"

திரும்பி வரும்போது மினிபஸ்ஸில் பெர்மினா, காது, கிளிப்பு, இடது கை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் இலாரியோன் நூல் வாங்கக் கீழே லா பாஸுக்கு இறங்கிப் போனான். போகும்போது, "நான் வர வரைக்கும் அதத் தொடாத" என்று இரண்டு தரம் சொன்னான். அவன் தெரு முனை திரும்பியதும் பெர்மினா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். சால்வையைக் கழற்றினாள், கம்பளி மேல்பாவாடையையும் கழற்றிவிட்டு, உள்பாவாடையோடு அந்தக் குளிரில் நின்றாள். நாலு திருகாணி. பக்கத்துத் தகடு வந்தது.

உள்ளே பதினொரு வருஷப் புழுதி. கம்பளி மாதிரி படிந்து, ஒயரெல்லாம் ஒரே நிறம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பெர்மினா இடது கையால் இரும்பைப் பிடித்துக்கொண்டு, வலது விரலால் தேடினாள். ஒரு மெமரி இருந்தது, அதன் மேலேயும் புழுதி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மெமரி செருகுகிற காடி காலியாக இருந்தது. அதன் காது இரண்டும் வெளியே தள்ளிக் கிடந்தன. அந்தக் காடி மட்டும் கறுப்பாகத் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. அதைச் சுற்றிய புழுதியில் விரல் தடம்.

"ஒண்ணுதான் இருக்கு," என்றேன்.

அவள் அந்தத் தடத்தின் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

"அந்த எராஸ்மோ நாயிதான்! நான் அன்னைக்கே சொன்னேன். திருட்டு ராஸ்கல், மெமரிய உருவிட்டு வந்து ரிப்பேர் பண்றேன்னு..."

"சும்மா இரு கொமாத்ரே."

"என்ன சும்மா இரு? இப்பவே போயி அவன் மீசைய..."

"எராஸ்மோ இந்த ரூமுக்குள்ள தனியா ஒரு நிமிஷம் இருந்ததில்ல. தவளை வேலை வந்ததும் பூட்டுப் போட்டேன். சாவி ரெண்டு. ஒண்ணு என் கழுத்துல இருக்கு."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 

பெர்மினா எழுந்து நேராக எண்ணெய் டப்பாவிடம் போனாள். எப்படித் தெரிந்தது என்று அப்புறம் கேட்டேன். "சல்யா வாங்கினத அவனால தூக்கிப் போட முடியாது. என்னைய ஏமாத்துவான். அதுக்குத் துணிய மாட்டான். இந்த வீட்டுல அவன் கை மட்டும் போற இடம் அந்த டப்பாதான்" என்றாள். டப்பாவில் எண்ணெய்க் குப்பி, ஊசிப் பெட்டி, அழுக்குத் துணி, அதற்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் மெமரி. அதைச் சுற்றி மஞ்சள் காகித நாடா நேர்த்தியாகக் கட்டியிருந்தது. காய்ந்த பீரில் காகிதத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அன்றைக்கு டப்பாவுக்கு எதற்கு விசேஷம் என்று நான் சிரித்தேனே, இதற்குத்தான். திருடியவன், திருடிய பொருளுக்கும் சல்யா செய்திருக்கிறான், வீட்டுக்குக் கேடு வந்துவிடக் கூடாதாம்!

மத்தியானம் அவன் வந்தபோது மேசையில் சாப்பாடு தயாராக இருந்தது. காரக்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், உறையவைத்துக் காயப்போட்ட உருளைக்கிழங்கு. நூல் கண்டுகளை இறக்கிவைத்துவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தான். பெர்மினா அவன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டை வைத்தாள். அதில் மஞ்சள் நாடாவோடு மெமரி.

"இதையும் தின்னு," என்றாள்.

அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் எழுந்து போகப் பார்த்தேன்.

"நீ உக்காரு கொமாத்ரே. ஒரு சாட்சி இருக்கட்டும். உங்க அண்ணன்தான் எடுக்கச் சொன்னானா?"

"இல்ல." தட்டைத் தள்ளிவைத்தான். "அண்ணன், பெட்டி செத்தாத்தான் அவ வருவான்னு சொன்னாரு. அவ்வளவுதான். எடுத்தது நான்தான்."

"எதுக்கு?"

"அங்க எனக்குத் தனியா ஒரு மெஷின் தரேன்னாரு."

"இங்க இருக்கிறது யாரு மெஷினு?"

"உன்னுது!" மேசையை ஓங்கி அடித்தான். குழம்பு சிதறியது. "உன்னுதுதான்! பதினொரு வருஷமா நூல் கோக்குறேன். இந்தக் கதவத் தட்டுற எவனாவது இலாரியோன் இருக்கானான்னு கேட்டிருக்கானா? சேன்யோரா இருக்காங்களா, சேன்யோரா எப்ப வருவாங்க. நீ அந்தத் திரையப் பாத்துக்கிட்டே இருப்ப, நான் உன் முதுகப் பாத்துக்கிட்டே இருப்பேன். எனக்கு உன் மூஞ்சியே மறந்து போச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம். ஒரு நாள், எனக்கும் டிசைன் சொல்லிக் குடுன்னு கேட்டிருக்கலாம்."

"கேட்டேன். ரெண்டாம் வருஷம் கேட்டேன். உன் வெரலு தடிச்ச வெரலு, அது மவுஸ் பிடிக்காது, எண்ணெய் விடத்தான் ஆகும்னு சொன்ன. ஆளுங்க இருக்கும்போது சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க."

ஆமாம், சொன்னாள். அந்தச் சமயம் வெறுமனே கதை பேச வந்திருந்தேன் நான். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. தலையைக் குனிந்துகொண்டேன்.

பெர்மினாவுக்கும் அது ஞாபகம் இருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சிதறிய குழம்பைத் துணியால் துடைத்தாள். 

"சொன்னேன். தப்புத்தான். அதுக்கு எங்கூடச் சண்டை போட்டிருக்கணும். என் தலையில குழம்பக் கவுத்திருக்கணும். மூணு மாசமா அந்தத் திரை முன்னால உக்காந்து நான் அழுறேன். எனக்கு மூளை மழுங்கிப் போச்சோ, கை மறந்து போச்சோன்னு நெனச்சு அழுறேன். அப்பெல்லாம் தேநீர் போட்டுக் கொண்டாந்து குடுத்தியே. இலவங்கப்பட்டை போட்டு. அத எப்படிடா செஞ்ச?"

அவன் மஞ்சள் நாடாவின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தான். 

"எந்திரி," என்றாள். "எடுத்தத எடுத்த இடத்துல வை."

அவன் எழுந்தான். நாடாவை அவிழ்த்து, சட்டைத் துணியில் மெமரியைத் துடைத்து, எச்சில் தொட்டு ஒட்டிய காகிதத்தைச் சுரண்டினான். இரும்பைத் தொட்டுவிட்டு மெமரியைக் காடியில் வைத்து அழுத்தினான். காது இரண்டும் டக் டக்கென்று மூடின. தடிச்ச விரல் ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை. ஆன் பண்ணினாள். நான் ஒரு உருளைக்கிழங்கு உரித்து முடிப்பதற்குள் திரை வந்தது. தவளை வந்தது. இடது கண் வைத்தாள், உறையவில்லை.

அந்த இடத்திலேயே அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், இரண்டு உதையும் சேர்த்து. அவள் செய்யவில்லை. எட்டுத் தலை மெஷினை அவனைவிட நன்றாக ஓட்ட இந்தப் பக்கம் ஆள் கிடையாது, இருநூற்றுப் பத்து முதுகு காத்துக்கொண்டிருக்கிறது. வேலையை மேசையில் வைத்துக்கொண்டு சண்டையைத் தள்ளிவைத்தாள்.

சனிக்கிழமை மாதிரி போனது, இரண்டு கண்ணோடு. அப்புறம் நாலு வாரம் மெஷின் ஓய்ந்ததே இல்லை. அந்த நாலு வாரமும் அவள் அவனோடு ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. இரண்டு அடி தள்ளி அவன் நின்றுகொண்டிருப்பான். "கொமாத்ரே, மெஷின்காரர்கிட்ட மூணாவது தலையில தங்க நூலு லூசா வருதுன்னு சொல்லு" என்பாள். நான் திரும்பி, "மெஷின்காரரே, மூணாவது தலை" என்பேன். அவன், "பாத்துட்டேன்னு சொல்லு" என்பான். தட்டைக்கூட அவன் கையில் கொடுக்காமல் மெஷின் மூடி மேல் வைத்துவிட்டுப் போவாள். அவன் போட்டு வைத்த தேநீர் ஆறி, ஆடை கட்டி, அப்படியே கிடக்கும். மூன்றாம் நாளோடு போடுவதை நிறுத்திவிட்டான். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். தொண்டை வறண்டு போனது எனக்குத்தான்.

நடுவில் ஒரு ஞாயிறு எராஸ்மோ சால்தேன்யாவோடு வந்தான். பெர்மினா கதவைத் திறக்கவில்லை.

"மெஷின் ஓடுற சத்தம் கேக்குதே," என்றான் வெளியிலிருந்து. "மெமரி போட்டாச்சா?"

"போட்டாச்சு மச்சான்."

"யாருகிட்ட வாங்கின?"

"வாங்கல. வீட்டுலயே கெடந்துச்சு."

 அப்புறம் செருப்புச் சத்தம் தெரு பக்கம் போனது. இலாரியோன் ஊசியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஒத்திகைக்கு முந்தைய நாள் தோன் கஸ்தோன் வேனோடு வந்து, இருநூற்றுப் பத்து ஜாக்கெட்டையும் ஏற்றினார். தவளையின் சுடரை விரலால் தடவிப் பார்த்து, "கை இல்ல சேன்யோரா இது, தங்கம்" என்றார். கட்டுகளைத் தூக்கி வேனில் வைத்துக்கொண்டிருந்த இலாரியோனிடம், "பாத்து வைப்பா, மடங்கிடப் போகுது" என்றார். அப்போது பெர்மினா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வாரத்தில் அதுதான் முதல் தரம். மெஷினை ஓட்டியது இவன்தான் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் போனபோது அவள் சால்வை இல்லாமல் குந்தியிருந்தாள். பெட்டி திறந்து கிடந்தது. டிஸ்க்கைக் கழற்றி, கம்பளித் துணியில் சுற்றி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். தகட்டை மாட்டி, நாலு திருகாணியையும் முறுக்கினாள்.

"என்ன கொமாத்ரே பண்ற?"

"புதுசு வாங்கப் போறேன். தோன்யா பிரிமித்திவாகிட்ட சொல்லிட்டேன், வியாழக்கிழமை வரச் சொன்னா. டிஸ்க்கு மாத்துறத என் கண்ணு முன்னால அந்தத் தார்ப்பாயிலயே செஞ்சு தராளாம். மெஷினுக்கு ஆளு பாக்கணும்."

இலாரியோன் உள்ளே இருந்து வந்தான். அவள் பெட்டியை முதுகில் கட்டுகிற கம்பளித் துணியில் வைத்து முடிந்து, அவன் முன்னால் நகர்த்தினாள். நேராக அவனிடம் பேசினாள்.

"உங்க அண்ணன் கேட்டுக்கிட்டே இருந்தாரு. கொண்டு போயிக் குடு. நீயும் அங்கயே இருந்துக்க."

"பெர்மினா."

"தனி மெஷினு தரேன்னாருல்ல, போ."

"டிஸ்க்கு இல்லாம இத வச்சு என்ன பண்றது?"

"மெமரி ரெண்டும் உள்ளதான் இருக்கு. உனக்கு அதுதானே வேணும்."

"பத்தொம்பது வருஷம் பெர்மினா." அவன் மூட்டையை அவள் பக்கம் திருப்பித் தள்ளினான். "நான் எடுத்தத நானே திரும்ப வச்சுட்டேனே."

"மெமரிய வச்ச," என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.  எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. இவ்வளவு வலிக்கிறதென்றால் எதற்கடி அனுப்புகிறாய் என்று கேட்கலாமா என்று பார்த்தேன். கேட்கவில்லை. மறுபடியும் ஒரு நாள் அவன் தேநீர் போட்டுக் கொடுத்தால், அதை அவளால் எப்படிக் குடிக்க முடியும்?

அவன் மூட்டையை முதுகில் ஏற்றி, மார்பில் முடிச்சுப் போட்டான். பெட்டி கனத்தில் கொஞ்சம் முன்னால் வளைந்து, தெருவில் இறங்கினான். நல்ல வெயில். தெருவே வாசலில் இருந்தது. முனையில் ரொட்டி விற்கிறவள், துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பழுப்பு மூலையைப் பார்த்துவிட்டுக் கூவினாள்.

"என்ன தோன் இலாரியோன், சேன்யோராவோட கம்ப்யூட்டர ரிப்பேருக்குக் கொண்டு போறீங்களா?"

அவன் நின்றான். "ஆமா," என்றான். "ரிப்பேருக்குத்தான்."

பெர்மினா வாசலுக்கு வந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. தெரு மொத்தமும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இல்ல தோன்யா. பெட்டிக்கு ஒரு கோளாறும் இல்ல."

சொல்லிவிட்டு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள்.